நெஞ்சே எழுதும் நாவல்

பூங்கோதைக்கு மாயக்காதல் நாவல்கள் என்றால் ஆகாது. ஆகாததால்தான் ஒன்றுவிடாமல் கேட்டாள்.

கோவை சிங்காநல்லூரில் தனியாக இருந்த அவளுக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. காப்பீட்டு அலுவலக வேலையை விட்டபிறகு, சனிக்கிழமைதோறும் ‘கேட்டதும் கெட்டதும்’ என்ற பெயரில் ஒலிநூல்களை விமர்சித்துப் பேசி வெளியிட்டாள். விமர்சனம் என்பது மரியாதைக்கான பெயர். அவள் செய்தது தோலுரிப்பு. சமைத்துக்கொண்டும் பேருந்தில் போய்க்கொண்டும் அதைக் கேட்டுச் சிரிக்க ஊரெங்கும் ஆட்கள் இருந்தார்கள்.

“எழுநூறு வருஷமாக உயிரோடு இருக்கும் ராஜா,” என்று ஒரு சனிக்கிழமை ஆரம்பித்தாள். “அத்தனை வருஷத்தில் உருப்படியாக ஒரு வாக்கியம் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. பெண்ணைப் பார்த்தால் உறுமுகிறான். முதுகில் இறக்கை வேறு. இவன் எப்படி மல்லாந்து படுப்பான் என்று எழுதியவர் ஒரு நிமிடம்கூட யோசித்ததாகத் தெரியவில்லை. பெரிய கோட்டை இருக்கிறது, கோட்டைக்கு வெளியே ஒரு வயல் கிடையாது. இத்தனை பேரும் எந்தச் சோற்றைத் தின்று இப்படிப் பெருமூச்சு விடுகிறார்கள்?”

வாசிக்கும் குரல்களையும் அவள் விடுவதில்லை. காதல் காட்சி வந்தால் வாசிப்பவருக்கு இழுப்பு வந்துவிடுகிறது என்பாள். ‘விழியோரம்’ என்பதை ‘விலியோரம்’ என்று வாசித்த ஒருவரை மூன்று வாரம் கிண்டலடித்தாள். கேட்பவர்களைப் பற்றிய அபிப்பிராயமும் உயர்வானதல்ல. கட்டிய புருஷன் காய் வாங்கி வந்தால் கவனிக்காதவர்கள், கற்பனை ராஜா கண்ணைச் சிமிட்டினால் கரைந்துபோகிறார்கள் என்பது அவள் கட்சி.

அந்தச் சமயத்தில்தான் ‘நெஞ்சொலி’ வந்தது. பார்வைக்குச் சாதாரணக் காதுக்கருவி. ஆனால் அதில் வரும் நாவல் எழுதி முடித்த நாவல் அல்ல. கதையின் தொடக்கமும் ஆட்களும் எல்லோருக்கும் ஒன்று. அதற்குப் பிறகு, கேட்பவரின் நாடித்துடிப்பைக் காதுக்குள்ளிருந்தே கவனித்து, அடுத்து வரவேண்டியதை அந்தந்தக் கணத்தில் எந்திரமே அமைத்துச் சொல்லும். சொன்னது எங்கும் பதிவாகாது. ‘உங்கள் நெஞ்சே எழுதும் நாவல்’ என்று தெருவெங்கும் விளம்பரப் பலகைகள். முதல் நாவலின் பெயர் ‘கருநிலவுக் கோட்டை’. சிறகுள்ள ஒரு ராஜா, அவன் கோட்டைக்கு வந்துசேரும் நிலமதி என்ற பெண்.

ஊரெல்லாம் சில மாதம் அதைப் பற்றியே பேசிய பிறகு பூங்கோதையும் ஆசையோடு வாங்கினாள். வேட்டைக்காரன் துப்பாக்கியைத் துடைத்துவைத்துக்கொள்ளும் ஆசை அது.

நாவல் அவளை ஏமாற்றவில்லை. முதல் மணி நேரத்திலேயே ராஜா உறுமினான். இரண்டாவதில் நிலமதியின் கண்ணீர் தரையில் விழுந்து முத்தானது. மறுநாள் அவன் தன் சிறகிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கி அவள் கூந்தலில் செருகி, “நீ என் எட்டாவது நூற்றாண்டு” என்றான். சிங்காநல்லூர் குளக்கரையில் நடந்துகொண்டிருந்த பூங்கோதை வாய்விட்டுச் சிரித்தாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். நாளுக்கு நாள் நாவல் கேவலமாகிக்கொண்டே போனது. குதிரை கவிதை சொன்னது. மந்திரிகள் பொறாமையால் மயங்கி விழுந்தார்கள். சாப்பாட்டு நேரம் தப்பியும் அவள் காதிலிருந்து அதைக் கழற்றவில்லை. இவ்வளவு மோசமான ஒன்றைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்ற பூரிப்பு.

அந்த வாரப் பேச்சு அவள் பேசியதிலேயே பெரிய வெற்றி. குதிரையின் கவிதையை அப்படியே சொல்லிக் காட்டினாள். கடைசியில் இப்படி முடித்தாள்: “இதைக் கேட்பவரின் நெஞ்சே எழுதுகிறதாம். அப்படியானால் வீட்டில் யாராவது ரகசியமாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், வீட்டார் கொஞ்சம் விசாரியுங்கள். அந்த நெஞ்சுக்குள் எவன் இருக்கிறான் என்று தெரியவரும்.”

அவளுடைய தம்பி செழியன் அதைக் கேட்டான். மோட்டார் பம்புசெட்டு நிறுவனம் ஒன்றில் விற்பனை மேலாளர். பீளமேட்டில் மனைவி அபிநயாவோடும் எட்டு வயது மகள் மித்ராவோடும் இருந்தான். அபிநயா சில மாதங்களாக ‘கருநிலவுக் கோட்டை’ கேட்டுக்கொண்டிருந்தாள். துணி மடிக்கும்போதும் கேட்பாள், மொட்டைமாடிச் செடிகளுக்குத் தண்ணீர் விடும்போதும் கேட்பாள். அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் செழியன் அந்தக் கருவியை எடுத்துத் தன் காதில் மாட்டினான். அவள் விட்ட இடத்திலிருந்து கதை தொடர்ந்தது.

பத்து நாள் கழித்து அவன் அக்கா வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. சோபாவில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான். தினமும் அவளுக்குத் தெரியாமல் கேட்டானாம். அந்த நிலமதிக்கு ஏற்கெனவே ஒரு புருஷன் இருக்கிறானாம். கோட்டைக்கு ஏற்றம் இறைக்கும் ஏற்றக்காரன். அவன் வேலை முடிந்து வந்து நாளெல்லாம் இறைத்த தண்ணீரைப் பற்றியே பேசுவானாம். அவன் தூங்கியதும் அவள் ராஜாவிடம் போய், அவன் பேசியதை அப்படியே நடித்துக் காட்டுவாளாம். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம்.

“தண்ணி எறைக்கறவன்னா யாருக்கா? நாந்தானே? அவ நெஞ்சு எழுதுனதுதானே அது? அப்ப அந்த ராசா எவன்?”

பூங்கோதை அவனை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். அவளுக்கு அபிநயாமேல் பெரிய மதிப்பு எப்போதும் இருந்ததில்லை. அமைதியான பெண். எதைக் கேட்டாலும் ‘சரிங்க அண்ணி’ என்பாள். அந்த அமைதிக்குப் பின்னால் குதிரை கவிதை சொல்லும் நாவல்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பதில் பூங்கோதைக்கு ஒருவகைத் திருப்திகூட ஏற்பட்டது. தான் சொன்னது சரியாகிவிட்டது.

செழியன் ஏற்கெனவே சண்டை போட்டு மனைவியைப் பொள்ளாச்சியில் அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பியிருந்தான். மகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பொள்ளாச்சியில் பேசுவதாக ஏற்பாடு. இந்தப் புத்தகங்களைப் பற்றித் தெரிந்தவள் என்று அக்காவையும் அழைத்துப் போனான்.

பேச்சு நெடுநேரம் நடந்தது. அபிநயாவின் அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெஞ்சொலி என்றால் என்னவென்றே அவருக்கு விளங்கவில்லை. காதில் மாட்டும் ஒன்று எப்படி மகளின் ஒழுக்கத்துக்குச் சாட்சியாகும் என்று மறுபடி மறுபடி கேட்டார். எல்லோரும் பூங்கோதையைப் பார்த்தார்கள். அவளும் விளக்கினாள். கேட்பவரின் மனம் எதை விரும்புகிறதோ அதையே அந்தக் கருவி சொல்லும் என்றாள். விளம்பரத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த மாதிரி நாவல்களில் மூழ்கிக் கிடப்பவர்களுக்கு வீட்டில் இருப்பவர்கள் எல்லாம் சின்னவர்களாகத் தெரிய ஆரம்பித்துவிடும் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அபிநயா உள்ளறைக் கதவோரம் நின்றிருந்தாள். அவளிடம் கேட்டபோது, “அவரு சொல்ற கதை என்ற கதையில்லீங்க,” என்றாள். அவ்வளவுதான். பிறகு உன் கதை என்ன என்று அவள் அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை எல்லோரும் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டார்கள். மித்ராவின் பள்ளி கோவையில் இருப்பதால் பிள்ளை அப்பாவோடு இருக்கட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவானது.  திரும்பும் வழியெல்லாம் பூங்கோதை அடுத்த சனிக்கிழமைக்கு என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தாள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குள் வேறொன்று நடந்தது. கேட்பவர்கள் அவளோடு சண்டைக்கு வந்தார்கள். நாங்களும் ‘கருநிலவுக் கோட்டை’ முழுக்கக் கேட்டோம், அதில் குதிரை பேசவே இல்லையே என்றார்கள். பொய் சொல்லிச் சிரிக்கவைக்கிறாள் என்று சிலர் எழுதினார்கள். பூங்கோதையின் மேல் அதுவரை வராத பழி அது ஒன்றுதான். அவள் நிறுவனத்துக்குக் காரமாக ஒரு புகார் அனுப்பினாள். ஒரு குதிரையையே ஒளித்துவைக்கிறீர்களா என்று கேட்டிருந்தாள்.

பதிலாக ஒரு பெண் நேரில் வந்தாள். பெயர் பெனிட்டா. தூத்துக்குடிக்காரி. நெஞ்சொலியின் கதைப் பிரிவில் பொறியாளர். நிறுவனம் அனுப்பி வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டாள். பூங்கோதையின் பேச்சை வாராவாரம் கேட்பவளாம். இருவரும் திருச்சி சாலையில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்தார்கள்.

“நீங்க கேட்டது பொய்யில்ல மேடம்,” என்றாள் பெனிட்டா. “அந்தக் குதிரை உங்களுக்கு வந்துச்சு. வேற யாருக்கும் வரல.”

“எனக்கு மட்டும் ஏன் அந்தக் கஷ்டம்?”

“உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு.”

பூங்கோதை சிரித்தாள். பெனிட்டா சிரிக்கவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டே மெதுவாக விளக்கினாள். கருவிக்கு மனசெல்லாம் தெரியாது. காதுக்குள் அடிக்கும் துடிப்புதான் தெரியும். துடிப்பு ஏறினால் ஏறியது என்று தெரியும், ஏன் ஏறியது என்று தெரியாது. சிலருக்கு ஆசையில் ஏறும், சிலருக்குக் கோபத்தில் ஏறும், சிலருக்கு இளக்காரத்தில் ஏறும். எல்லாம் அதற்கு ஒன்றுதான். சிலருக்குத் துடிப்பு அடங்குவது பிடித்திருக்கும். அவர்களுக்கு அடங்கும்படியான கதை கிடைக்கும்.

“அதுக்கு இருக்கிறது ஒரே நோக்கம் மேடம். கேக்கிறவங்க காதுல இருந்து கழட்டக் கூடாது. அதுக்காகப் பல இடத்துல தூண்டில் போடும். எங்க அசையுதோ அங்கேயே திரும்பத் திரும்பப் போடும். உங்களுக்கு எது கேவலமாத் தெரிஞ்சிச்சோ அங்கதான் ஜோரா அசைஞ்சிச்சு. அத இன்னும் கேவலமாக்கிக் குடுத்துச்சு. நீங்க கழட்டவே இல்லையே.”

பூங்கோதை எதிரே இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வரிசையாகக் கிரீம் பன்கள். தன்னை யாரும் இதுவரை இவ்வளவு சுருக்கமாக விமர்சித்ததில்லை என்று தோன்றியது. கோபம்கூட வரவில்லை. குதிரையின் கவிதை மனப்பாடமாக இருந்தது. நல்ல நூல் ஒன்றிலிருந்து ஒரு வரியாவது அப்படி நினைவில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள்.

பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. 

“ஒருத்தரோடதை இன்னொருத்தர் மாட்டிக் கேட்டா?”

“காது மாறுனது அதுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்துல கதை புதுக் காதுக்கு மாறிரும். பழைய காதுக்குப் போனா திரும்பவும் மாறிரும்.”

“மாட்டுனவன் சந்தேகத்தோட மாட்டியிருந்தான்னா?”

பெனிட்டா தேநீர்க் குவளையைக் கீழே வைத்தாள். “அதையும் குடுக்கும் மேடம். அதுதான் ரொம்ப நல்லா அசையும். எங்க மேலதிகாரிங்களுக்கு இது தெரியும். விளம்பரத்த மாத்தணும்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். நெஞ்சே எழுதும்னு போட்டாத்தான் விக்குமாம்.”

அன்று மாலையே பூங்கோதை பீளமேட்டுக்குப் போனாள். மித்ரா பாட்டு வகுப்புக்குப் போயிருந்தாள். செழியன் கூடத்தில் இருந்தான். கருவி அவன் காதில்தான் இருந்தது. மனைவி போன பிறகும் அவன் கேட்பதை நிறுத்தவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

எந்திரத்தைப் பற்றிச் சொன்னதை அவன் ஒப்பவில்லை. அக்கா கட்சி மாறிவிட்டாள் என்றான். அபிநயா அழுது காட்டியிருப்பாள் என்றான். பூங்கோதை வாதாடவில்லை. அதைக் காதில் வைத்துக்கொண்டே இரு என்றாள்.

“இப்ப என்ன நடக்குது?”

“ஏத்தக்காரன் வீட்டுக்கு வந்திருக்கறான். அவ சோறு போடறா.”

“அடுத்து என்ன ஆகும்?”

“அவன் தூங்குவான். இவ ராசாகிட்டப் போவா. ஏத்தக்காரனோட அம்மாவைப் பத்திக் கேலி பேசுவா.”

“அம்மாவைப் பத்தி இதுக்கு முன்னால பேசியிருக்கறாளா?”

“இல்ல. இனித்தான் பேசுவா.”

சொல்லிவிட்டு அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பூங்கோதை அவன் முகத்தையே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் தாடை இறுகியது. கழுத்து நரம்பு எழும்பியது.

“பேசறாளா?”

அவன் தலையசைத்தான்.

“அவ பேசப்போறது உனக்கு எப்படிடா முன்னாலயே தெரிஞ்சுது?”

 செழியன் தரையைப் பார்த்தான். பிறகு கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்து, அது ஏதோ உயிருள்ள பூச்சி என்பதுபோல் கையை இழுத்துக்கொண்டான். அந்த ஏற்றக்காரன் பேசிய பேச்செல்லாம் தான் பேசுவதுதான் என்று பிறகு சொன்னான். அபிநயா ஒருநாளும் கேலி செய்ததில்லை. ஆனால் தான் பேசும்போது அவள் முகம் எங்கோ போய்விடுவதைப் பலமுறை கவனித்திருக்கிறான். உள்ளுக்குள் சிரிக்கிறாள் என்று அவனாக நினைத்துக்கொண்டிருந்தான்.  நாளைக்கே போய் அழைத்து வந்துவிடலாம் என்றான். நீ முதலில் உள்ளே போய்ப் பேசு அக்கா, அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றான்.

பூங்கோதை அன்று தன் பேச்சை முன்கூட்டியே வெளியிட்டாள். இருப்பதிலேயே சின்னது. “‘கருநிலவுக் கோட்டை’ குப்பை என்பதில் மாற்றமில்லை,” என்றாள். “ஆனால் நான் கேட்டது என் குப்பை. வீட்டாரை விசாரிக்கச் சொன்னேன். அது தப்பு. அடுத்தவர் காதிலிருப்பதை எடுத்து மாட்டாதீர்கள். உங்களைத்தான் கேட்பீர்கள்.” அதைக் கேட்டுச் சிரிக்க ஒன்றும் இல்லாததால் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. நிறுவனம் மட்டும் அவளுக்கு நன்றி தெரிவித்தது. ‘உங்களைத்தான் கேட்பீர்கள்’ என்பதை விளம்பரத்தில் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தது. அவள் அதற்கு எழுதிய பதில் அச்சிடத் தக்கதல்ல.

மறுநாள் காலை மூவரும் பொள்ளாச்சிக்குப் போனார்கள். கார் நின்றதும் மித்ரா இறங்கி அம்மாவிடம் ஓடிவிட்டாள். செழியன் வண்டியிலேயே இருந்தான்.

அபிநயா பூங்கோதையை மாடிக்கு அழைத்துப் போனாள். மாடியறை வெள்ளையடித்துப் புதிதாக இருந்தது. ஒரு கட்டில், ஒரு மேசை, சன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பு. இங்கேயே தென்னைநார் ஏற்றுமதி செய்யும் இடத்தில் வேலைக்குச் சொல்லியிருப்பதாக அபிநயா சொன்னாள். பூங்கோதை வந்த காரியத்தைச் சுற்றிவளைக்காமல் சொன்னாள். எந்திரம் எப்படி வேலை செய்கிறது, செழியன் கேட்டது யாருடைய கதை, அன்று பெரியவர்கள் முன்னால் தான் பேசியது எவ்வளவு தப்பு என்று எல்லாம். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் வார்த்தைகள் தடுமாறின. அபிநயா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அதை விடுங்க அண்ணி,” என்றாள்.

“அன்னிக்கே உன்ற கதையைச் சொல்லியிருக்கலாமே கண்ணு. அப்படி என்ன இருந்துச்சு அதுல?”

அபிநயா கொஞ்சம் யோசித்தாள். சொல்ல வெட்கப்படுகிறவள் போல இல்லை. சரியான சொல்லைத் தேடுகிறவள் போல இருந்தாள்.

“மொதல்ல ராசா நெம்ப நேரம் வந்தாருங்க. பேசுவாரு, பாடுவாரு. ஒரு நாள் அவரு வேட்டைக்குன்னு கதவைச் சாத்திட்டு வெளிய போனாரு. எனக்கு அப்படியே மூச்சு நல்லா வந்துச்சு. அடுத்த நாளு அவரு போருக்கே போயிட்டாரு. பொறகு அவங்கம்மா ஊருக்குப் போயிட்டாங்க. மந்திரிக, வேலைக்காரங்க, ஒவ்வொருத்தராப் போனாங்க. கடைசியில அந்தக் கோட்டையில நிலமதி மட்டும்தான். எந்திரிப்பா, சன்னலைத் திறப்பா, டீ போட்டுக் குடிப்பா. காத்து அடிக்கும். அவ்வளவுதானுங்க கதை. நான் மாசக்கணக்கா அதைத்தான் கேட்டுட்டு இருந்தேன்.”

 இவ்வளவு காலத்தில் பூங்கோதை கேட்ட எந்த நாவலிலும் அப்படியொரு கோட்டை வந்ததில்லை. ஒரு குறை சொல்ல வாயெடுத்துப் பார்த்தாள். வரவில்லை.

“இதை எப்படிங்க அத்தனை பேரு முன்னால சொல்றது? இன்னொருத்தன் இருக்கறான்னு சொன்னாக்கூட அவங்களுக்குப் புரியும்.” அபிநயா சன்னலைப் பார்த்தாள். “அவரு கெட்டவரு இல்லீங்க அண்ணி. எனக்கு வேண்டியது இதுதான்னு எனக்கே அது வரைக்கும் தெரியாது.”

கீழே மித்ராவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிள்ளையை இங்கேயே பள்ளியில் சேர்க்க வேண்டும், அதற்கு அண்ணிதான் அவரிடம் பேச வேண்டும் என்று அபிநயா கேட்டுக்கொண்டாள். இதுவரை எதற்கும் ‘சரிங்க அண்ணி’ என்றே சொல்லிவந்தவள் முதல்முறையாக ஒன்று கேட்டாள். பூங்கோதை, சரி கண்ணு என்றாள்.

பூங்கோதை படியிறங்கி வந்தாள். செழியன் காரிலிருந்து இறங்கி வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். முடியை நன்றாக வாரி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் எதிரே வந்துவிட்டான்.

“கேட்டயாக்கா? அவ கதையில யாராச்சும் இருக்கறானா?”

“இல்லடா,” என்றாள் பூங்கோதை. “யாருமே இல்ல.”

செழியன் கண்ணை மூடி நீளமாக மூச்சு விட்டான். அவன் முகத்தில் இத்தனை நாள் காணாத வெளிச்சம் வந்தது. ஓடிப்போய்க் காரின் பின்கதவைத் திறந்து, இருக்கையில் கிடந்த மகளின் பொம்மைகளை ஒதுக்கி இடம் செய்தான். பிறகு அபிநயா பையை எடுத்துக்கொண்டு வருவாள் என்று மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றான்.